ஜப்பான் 11 நாள், 7 ஊர், அம்மாவின் முழங்கால்: திட்டத்தைப் பார்த்துத் திட்டுங்கள்

வைகைக்கரை | ஜூலை 12, இரவு 9:40

வணக்கம். நவம்பர் கடைசியில் ஜப்பான் போகிறோம். நான், மனைவி, அம்மா (வயது 67). டிக்கெட் இன்னும் போடவில்லை. இரண்டு வாரமாக உட்கார்ந்து போட்ட திட்டம் இது:

டோக்கியோ 3 நாள், ஹகோனே 1, கனசாவா 1, கியோட்டோ 2, நாரா அரை நாள், ஒசாகா 1, ஹிரோஷிமாவும் மியாஜிமாவும் சேர்த்து 1, கடைசியில் டோக்கியோ திரும்பி 1.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், ஆனால் படி என்றால் முகம் மாறிவிடும். நாங்கள் இரண்டு பேரும் எதையும் சாப்பிடுவோம்.

கேள்வி இரண்டு. ஜப்பான் ரயில்களுக்கான 7 நாள் ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா? கியோட்டோவுக்கு 2 நாள் போதுமா?

---

சங்கிலிப்பாலம் | ஜூலை 12, இரவு 11:05

திட்டச் சொன்னீர்கள், திட்டுகிறேன். இதற்குப் பெயர் சுற்றுலா இல்லை, பார்சல் சர்வீஸ்.

டோக்கியோவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன் (நிஷிகசாய்; ஆமாம், இந்தியர்கள் எல்லாரும் இருக்கிற அதே நிஷிகசாய்தான்). ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் இதே பட்டியலைத்தான் கொண்டு வருகிறார்கள். ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் பாதி நாள் செத்தது என்று வையுங்கள். இங்கே பெரும்பாலான விடுதிகளில் காலை பத்து, பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டும், பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அடுத்த இடத்தில் அறை தருவார்கள். நடுவில் பெட்டியும் அம்மாவும் எங்கே இருப்பார்கள்?

பாஸ் வேண்டாம். 2023 அக்டோபர் வரை 7 நாள் பாஸ் 29,650 யென். அதை ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஒருவழிக் கட்டணம் 14,000 யென் போல வரும். போய்த் திரும்பினாலும் 28,000தான். அதைவிட நல்லது, டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கம் உள்ள கன்சாய் விமான நிலையத்தில் ஏறுவது. டிக்கெட் போடவில்லை என்கிறீர்களே, அதுதான் இந்தத் திட்டத்தில் உள்ள ஒரே நல்ல செய்தி.

பெரிய பெட்டிகளை விடுதியிலிருந்து விடுதிக்கு கூரியரில் அனுப்பிவிடலாம். தக்யூபின் என்று சொல்வார்கள். வரவேற்பு மேசையிலேயே வாங்கிக்கொண்டு மறுநாள் சேர்த்துவிடுவார்கள். பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் ஆகும், ஆனால் உங்கள் முதுகு மிஞ்சும். ஷின்கான்செனில் மூன்று அளவும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போகிற பெட்டி என்றால் அதற்குத் தனி இருக்கை முன்பதிவும் வேண்டும், அந்தத் தலைவலியும் இல்லை.

அப்புறம், முழங்கால். பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இருக்கும். ஆனால் நீங்கள் நிற்கிற முனையில் இருக்காது. ஷின்ஜுகு மாதிரி நிலையத்தில் லிஃப்டைத் தேடியே அரை கிலோமீட்டர் நடப்பீர்கள். ஒரு நாளைக்கு 15,000 காலடி இங்கே சாதாரணம்.

ஃபுஜி பார்க்க வேண்டுமென்றால் ஈ வரிசை இருக்கை எடுங்கள். கியோட்டோ போகும்போது வலப்பக்கம். டோக்கியோ விட்டு முக்கால் மணி நேரத்தில் வரும். கண் அயரக் கூடாது.

---

ஏழாம்பிறை | ஜூலை 13, காலை 7:15

கியோட்டோவை அடியோடு வெட்டிவிடுங்கள் என்பது என் கருத்து.

போன நவம்பரில் போனேன். கியோமிசு-தேரா கோயிலுக்கு ஏறும் சந்தில் தைப்பூசத்துப் பழனி மாதிரி கூட்டம், காவடி மட்டும்தான் இல்லை. பேருந்தில் ஏற மூன்று வண்டி விட வேண்டியிருந்தது. கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்து, கடைசியில் தனியார் சந்துகளில் நுழையவே 2024இல் தடை போட்டுவிட்டார்கள், மீறினால் 10,000 யென். ஃபுஜி பக்கத்து ஊர் ஒன்றில் கடைக்கு மேலே மலை தெரிகிறது என்று எல்லாரும் நடுரோட்டில் நின்று படம் பிடிக்க, அதே வருஷம் ஊர்க்காரர்கள் கறுப்புத் திரையே கட்டினார்கள். நாம் போவதே அவர்களுக்குத் தொந்தரவு. கனசாவா போங்கள். தோட்டம், பழைய சாமுராய்த் தெரு, எல்லாம் உண்டு, மூச்சும் விடலாம்.

---

தாழம்பூ | ஜூலை 13, காலை 10:30

ஏழாம்பிறை சார், நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று சொல்லவே இல்லையே. பத்தரைக்குப் போயிருப்பீர்கள். 😊

நான் என் அம்மாவோடு ஐந்து நாள் கியோட்டோவில் இருந்தேன். ஃபுஷிமி இனாரி கோயில் 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை, ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே வாசல். விடிய ஐந்தரைக்குப் போனோம். அந்தச் சிவப்புத் தோரண வாயில்களுக்குள் எங்களைத் தவிர நாய் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு தாத்தாதான். ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கறுப்பு எழுத்து ஓடும். அது மந்திரம் இல்லை, உபயதாரர் பெயரும் தேதியும். நம் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுவது மாதிரியேதான். மலை உச்சி 233 மீட்டர், அதுவரை ஏற வேண்டியதில்லை. முதல் கால் மணி நேரத்திலேயே பார்க்க வேண்டியது எல்லாம் பார்த்தாயிற்று. கியோமிசுவும் காலை 6 மணிக்கே திறந்துவிடும்.

பேருந்தைத் தொடாதீர்கள். சுரங்க ரயிலும் ஜே.ஆரும் போகிற இடங்களுக்கு அவற்றிலேயே போய்விட்டு, மிச்சத்துக்கு டாக்சி. மூன்று பேர் என்றால் அது ஊதாரித்தனம் ஆகாது.

இப்போது சாப்பாடு, அதுதான் உண்மையான பிரச்சினை. இறைச்சி இல்லை, மீன் இல்லை என்று சொன்னால் போதாது. அங்கே குழம்பு, சூப், காய் வேகவைத்த தண்ணீர், எல்லாவற்றிலும் தாஷி இருக்கும். கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவிப் போட்டு எடுத்த சாறு. கொடுப்பவருக்கு அது மீன் என்றே தோன்றாது, நமக்குப் பெருங்காயம் மாதிரி. "கட்சுவோ தாஷியும் சாப்பிட முடியாது" என்று ஜப்பானிய மொழியில் அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் சோற்று உருண்டை, ஒனிகிரி, கிடைக்கும். உமே என்ற உப்பில் ஊறிய பழம் வைத்ததை அம்மாவுக்கு எடுங்கள், நம் உப்பு நாரத்தங்காயின் தம்பி. அதிலும் சிலவற்றில் கட்சுவோ கலப்பார்கள், உறையைப் பாருங்கள். பிரிப்பதற்கும் ஒரு வித்தை உண்டு. உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும், அந்த வரிசையில் இழுத்தால்தான் கடற்பாசித் தாள் கிழியாமல் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். நான் முதல் நாள் 3இல் ஆரம்பித்தேன். மடி முழுக்கச் சோறு.

பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கர். வெட்கப்படாமல் எடுத்துப் போங்கள், குக்கரை அறையில் போட விடுவார்களா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

---

வைகைக்கரை | ஜூலை 13, இரவு 8:50

நன்றி. அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஐந்தரை மணிக்கு எழுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை, பெரிய விஷயம் எங்களுக்குத்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்கே கோயிலில் நம்ம சாமி யாராவது இருக்காங்களாடா?"

---

பழையசுவடி | ஜூலை 14, மாலை 4:20

இருக்கிறார்கள், வேறு பெயரில். அம்மாவிடம் சொல்லுங்கள்: சரஸ்வதி அங்கே பென்சைதென், கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற தந்தி வாத்தியம். டோக்கியோவில் உவேனோ குளத்தின் நடுவில் அவருக்குக் கோயில் இருக்கிறது. பிள்ளையார் காங்கிதென். டோக்கியோவின் அசகுசாவில் சென்சோ-ஜி கோயிலைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நடந்தால் மட்சுசியாமா ஷோதென் வரும், அங்கே இவருக்குக் கொழுக்கட்டை இல்லை, முள்ளங்கி படைக்கிறார்கள். மூலவரைப் பார்க்க முடியாது, மறைத்துத்தான் வைத்திருப்பார்கள். ஸ்கந்தர் இதாதென், வேகமாக ஓடுகிறவர். மயில் இல்லாமலே சமாளிக்கிறார்.

கியோட்டோவில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் தங்கக் கோயிலைச் சொல்லமாட்டேன் (1950இல் ஓர் இளம் துறவி கொளுத்தியபின் 1955இல் மறுபடி கட்டியது அது). சான்ஜூசான்கென்-தோ என்பேன். 120 மீட்டர் நீள மண்டபம், 1266இல் கட்டியது. உள்ளே கருணையின் போதிசத்துவரான கன்னோனுக்கு 1,001 சிலைகள், நடுவில் ஒன்று அமர்ந்த கோலம், இருபுறமும் ஆயிரம் நின்ற கோலம். அவர்களுக்கு முன்னால் காவலாக 28 பேர் நிற்கிறார்கள். இந்திரன், பிரம்மா, நாகராஜன், அசுரன். கருடன் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருப்பார். படம் எடுக்கத் தடை, அதனால்தான் யாரும் பீற்றிக்கொள்வதில்லை. தரைமட்டம், படி குறைவு.

நாராவை அரை நாளில் முடிக்காதீர்கள். தோதாய்-ஜி கோயிலின் பெரிய புத்தர் 15 மீட்டர் உயர வெண்கலம். 752இல் அதற்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து 736இல் ஜப்பான் போய்ச் சேர்ந்த போதிசேனர் என்ற துறவி. நம் ஸ்தபதிகள் கடைசியில் கண் திறப்பார்களே, அதே சடங்கு. அவர் பிடித்த தூரிகையில் நீளமான நீலக் கயிறு கட்டியிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லாருமாகச் சேர்ந்து கண் வரைந்ததாகக் கணக்கு. தூரிகையும் கயிறும் இன்றும் பக்கத்தில் உள்ள ஷோசோ-இன் கருவூலத்தில் இருக்கின்றன. அந்த ஊர் மான்களைவிட எனக்கு இந்தக் கயிறு பெரிது.

ஓனோ சுசுமு சொன்ன தமிழ்-ஜப்பானிய மொழி உறவைப் பற்றியும்

---

நெறியாளர் | ஜூலை 14, மாலை 4:45

பழையசுவடி ஐயாவின் பதிவில் கடைசி ஏழு பத்திகளை மொழியியல் இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே ஏற்கெனவே 340 பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இங்கே வேண்டாம்.

---

கொட்டாஞ்சேனை | ஜூலை 18, காலை 6:30

நான் ஒசாகாவில் இருக்கிறன். நவம்பரில் வாறவருக்கு இது உதவாது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியேல்ல. நேற்று 17ஆம் திகதி, கியோட்டோவில் கியோன் திருவிழாத் தேர்.

869இல் கொள்ளைநோய் வந்தபோது, நாட்டின் மாகாணக் கணக்குக்கு 66 ஈட்டி நட்டு வேண்டிக்கொண்டதில் தொடங்கினது என்று சொல்லுவார்கள். கியோன் என்ற பெயரே புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்தின் பெயர்தான். பெரிய தேர்கள் உச்சிவரை 25 மீட்டர், ஆட்களோட சேர்த்து 12 தொன் அளவில் வரும். ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டினது. சுற்றித் தொங்கவிட்ட பட்டுகளுக்குள்ளே இந்தியக் கம்பளமும் இருக்கு, பெல்ஜியத்துத் திரையும் இருக்கு.

பார்க்க வேண்டினது ஷிஜோ-கவராமாச்சி முடக்கிலே அது திரும்புறதைத்தான். சில்லுக்குத் திருப்பும் வசதி கிடையாது. பிளந்த மூங்கில் பட்டைகளைச் சில்லுக்கு முன்னால் பரப்பி, வாளியால் தண்ணீர் ஊற்றுவார்கள். வடத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றிக்கொண்டு போய் நிற்பார்கள். தேரின் முன்தட்டில் நிற்கிறவர்கள் விசிறியை நீட்டி "என்யாராயா" என்று கத்த, எல்லாரும் ஒரே இழுவை. மூங்கில் கறகறவென்று நசியும், தேர் மேலே அசைந்து, முப்பது பாகை மட்டும் வழுக்கும். பிறகு திரும்பவும் மூங்கில், திரும்பவும் தண்ணீர். மூன்று நாலு இழுவையில் தேர் மற்றத் தெருவுக்கு முகம் காட்டும். சனம் கைதட்டும். நல்லூரில் வடக்கு வீதி முடக்கில் நின்ற பிள்ளைக்கு இதுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. எனக்குக் கண் கலங்கிப் போச்சு, வெயிலாலே என்று பக்கத்தில் நின்ற மனிசிக்குச் சொன்னன்.

உங்கட அம்மாவைக் கோயாசான் என்ற மலைக்கோயில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. சாப்பாட்டுப் பிரச்சினைக்கும் அதுதான் மருந்து.

---

சங்கிலிப்பாலம் | ஜூலை 18, பிற்பகல் 1:10

கோயாசானை வழிமொழிகிறேன். ஒசாகா நம்பாவிலிருந்து நன்காய் ரயில், பிறகு ஐந்து நிமிஷம் கேபிள் கார், பிறகு பேருந்து. மலைமேல் ஐம்பது கோயில்கள் போல ஆட்களைத் தங்கவைக்கும். ஷோஜின் ரியோரி என்ற துறவிகளின் சைவச் சாப்பாடு. சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது. வெங்காயம், பூண்டும் கிடையாது. ஊர் 800 மீட்டர் உயரம், நவம்பரில் பல் கிட்டும். ஸ்வெட்டர் அல்ல, ஜாக்கெட்.

---

வைகைக்கரை | ஜூலை 20, இரவு 10:00

திருத்திய திட்டம்: டோக்கியோ 3 இரவு, கியோட்டோ 5 (அதில் ஒரு நாள் முழுதும் நாரா, வழியில் ஊஜி), கோயாசான் 1, ஒசாகா 1, கன்சாயில் விமானம். ஹகோனே, கனசாவா, ஹிரோஷிமா போயின. ஹிரோஷிமாவை வெட்டியது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

---

ஏழாம்பிறை | ஜூலை 21, காலை 7:05

அது சரியான முடிவு. கியோட்டோவை வெட்டச் சொன்ன நான்தான் சொல்கிறேன். ஹிரோஷிமாவைக் காலையில் பார்த்துவிட்டு மாலையில் மியாஜிமாவில் மானுடன் படம் எடுக்க முடியாது, நான் முயன்றேன். அருங்காட்சியகத்தில் மூன்று வயதுக் குழந்தை ஓட்டிய மூன்றுசக்கர சைக்கிள் இருக்கிறது, துருவும் கம்பியுமாக. 8:15இல் நின்ற கடிகாரம் இருக்கிறது. வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் எழத் தோன்றாது. குண்டு விழுந்து மூன்றாம் நாளே ஒரு பாதையில் டிராம் ஓடவிட்டிருக்கிறார்கள். அன்று அடிபட்டுச் சரிசெய்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன, காலை நேரத்தில் கண்ணில் படலாம். அதற்கென்று இரண்டு நாளோடு இன்னொரு தடவை போங்கள்.

---

வைகைக்கரை | டிசம்பர் 9, இரவு 9:15

போய் வந்தாயிற்று. சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன், முடியாது.

சென்சோ-ஜியில் உலோகக் குடுவையைக் குலுக்கி, குச்சியில் வந்த எண்ணைப் பார்த்து, இழுப்பறையிலிருந்து சீட்டு எடுத்தேன். கெட்ட பலன். மனைவிக்கும் அதே. அம்மாவுக்கு மட்டும் நல்லது. கெட்டதை அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வரலாம் என்றதும் அம்மாவுக்கு அந்தச் சாமி பிடித்துப் போயிற்று.

ஃபுஜி வானம் தெளிந்து முழுசாகத் தெரிந்தது. ஈ இருக்கையில் அம்மா. நல்ல தூக்கம். நாங்கள் இரண்டு பேரும் அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டிப் படம் எடுத்தோம். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் "எழுப்பித் தொலைச்சிருக்கலாம்ல" என்கிறார். எல்லாப் படத்திலும் அவருடைய கொண்டை இருக்கிறது.

சான்ஜூசான்கென்-தோவில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்ஸைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வலது பெருவிரல் வெளியே எட்டிப்பார்க்க, ஆயிரம் கன்னோனுக்கு முன்னால் நடந்தேன். மரத்தரை பனிக்கட்டி. அம்மா 28 காவலர்களுக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டார், ஒன்றரை மணி நேரம். வாசு முனிவர் சிலையின் எலும்பும் தோலுமான மார்பைப் பார்த்து "காரைக்கால் அம்மையார் மாதிரி இருக்காரு" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

சொன்ன பேச்சைக் கேட்காமல் அரஷியாமா மூங்கில் காட்டுக்குப் பத்தரைக்குப் போனோம். மூங்கிலும் முதுகுகளும்.

சாப்பாடு. ஒரு கடையில் அட்டையைக் காட்டினோம், அம்மணி தலையாட்டி உள்ளே போய் ஊடோன் நூடுல்ஸ் கொண்டுவந்தார். மேலே மெல்லிசாகச் சீவிய துருவல், ஆவியில் நெளிந்து நெளிந்து ஆடியது. அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது இன்னும் உயிரோட இருக்குடா" என்றார். காய்ந்த மீன்தான். நான் சாப்பிட்டேன், அம்மாவுக்கு அன்றைக்கும் உமே உருண்டை. தாழம்பூ அக்கா, 1-2-3 வித்தையில் அம்மா இப்போது உங்களைவிடத் தேர்ச்சி.

கோயாசானைப் பற்றித்தான் எழுத வந்தேன். இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கே. எள்ளில் செய்த தோஃபு, உறையவைத்துக் காயவைத்த கோயா தோஃபு, பொரித்த காய், சோறு. அம்மா ஒன்பது நாளில் முதன்முறையாக எதையும் முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். காலை ஆறரைக்கு வழிபாடு. இருட்டு மண்டபம், மண்ணெண்ணெய் அடுப்புச் சூடு, இரண்டு துறவிகள் ஒரே சுருதியில் ஓதிக்கொண்டே போகிறார்கள், ஒரு சொல் புரியவில்லை. முடிவில் "கியாதெய் கியாதெய்" என்று வந்து "போஜி சோவாகா" என்று நின்றது. அம்மா என் தொடையைத் தட்டி, "ஸ்வாஹாடா, ஸ்வாஹான்னு சொல்றாங்க" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, அது பிரஜ்ஞாபாரமிதா இருதய சூத்திரம். கடைசி வரி சமஸ்கிருதத்திலிருந்து அப்படியே போனது, "போதி ஸ்வாஹா".

பிறகு ஒகுனோ-இன் இடுகாடு. முழுப் பாதை 2 கி.மீ., முழங்காலுக்காகப் பேருந்தில் பாதித் தூரம் போய்க் குறுக்கு வழியாக நுழைந்தோம். இரண்டு லட்சத்துக்கு மேல் கல்லறைகள், வானுயர்ந்த சுகி மரங்கள், கல்லில் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்துகள். கடைசியில் கோயாசானை நிறுவிய துறவி கோபோ தாய்ஷியின் சமாதி. 835இல் அவர் இறக்கவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் இன்றைக்கும் நாளுக்கு இருமுறை சாப்பாடு போகிறது. பத்தரை மணிக்கு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறவிகள் பாலத்தைக் கடந்தார்கள். பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது. வைத்தீஸ்வரன்கோயில், பழனி, திருவண்ணாமலை என்று வரிசையாகச் சித்தர் சமாதி பார்த்தவர் அம்மா. ஜீவசமாதி என்று நான் விளக்க ஆரம்பித்ததும் "தெரியும்" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கு என்ன சாதமாம்?" என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனை அண்ணா, நன்றி.

---

ஏழாம்பிறை | டிசம்பர் 10, காலை 7:00

அந்தக் கோயில் விடுதியின் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள். ஏப்ரலில் மாமியாரோடு போகிறேன், கியோட்டோவும் சேர்த்துத்தான், யாரும் சிரிக்க வேண்டாம். படுக்கக் கட்டில் உண்டா, தரையா?

---

வைகைக்கரை | டிசம்பர் 10, காலை 7:40

அனுப்பிவிட்டேன். தரைதான். மெத்தை நன்றாகவே இருக்கும், எழுந்திருப்பதுதான் வேலை. பிடித்து எழ அறையில் உள்ள மேசை முழங்கால் உயரம்கூட இல்லை. நீங்கள் ஒரு பக்கம், வீட்டம்மா ஒரு பக்கம் நின்றால் மூன்றே இழுவையில் எழுப்பிவிடலாம். நாங்கள் என்யாராயா சொன்னோம்.